தப்பு, திருப்பிச் சொல்றேன்

எந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாலும் பாதியில் நிறுத்திவிடுவாள். வலது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைப்பதுபோல் இரண்டு தடவை அசைப்பாள். "தப்பு. திருப்பிச் சொல்றேன்" என்பாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பெரிய கதையாக ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் யாரோ அவள் காலை மிதித்துவிட்டார்கள் என்பதாக இருக்கும். மிதித்தவர் போட்டிருந்தது நீலச் சட்டையா சாம்பல் சட்டையா என்று நடுவில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். எந்தச் சட்டையாக இருந்தால் என்னம்மா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இல்ல அங்கிள். நீலம்னா ஒரு கம்பெனி, சாம்பல்னா வேற கம்பெனி. நான் மாத்தி சொன்னா மிதிக்காத கம்பெனிக்காரர் பாவம் இல்லியா?"

அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், கொரியாக்காரர்கள் வந்து சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை. காலை பத்தரைக்குப் போவாள். மதியக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணிக்கு வருவாள். ஐந்தரைக்கு ஓட்டல் வேன் மறுபடி தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். எங்கள் மாடியறையில் ஒன்றரை வருஷம் இருந்தாள். போன ஆவணியில் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

வாடகைக்கு வந்த அன்று எந்த ஊர் என்று கேட்டேன். தமிழ் தெரியாது. இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக, அஸ்ஸாமில் ஒரு மலை மாவட்டம், தாங்கள் கார்பி என்கிற மலை ஜனம், அம்மா இஞ்சி போடுகிறார் என்று சொன்னாள். கீழே வந்து மனைவியிடம், "நார்த் ஈஸ்ட் பொண்ணு" என்றேன். மூன்று வார்த்தையில் அவள் சொன்னதெல்லாம் முடிந்துவிட்டது. பிற்பாடு தமிழ் வந்ததும் ஒருநாள் அவளே சொன்னாள். "நார்த் ஈஸ்ட்னா அது திசை அங்கிள். உங்களை யாராவது 'தெற்கு'ன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பீங்களா?"

வந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா கேட் அருகே வந்து நின்றார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மனைப்பிரிவின் நலச் சங்கத்துக்குச் செயலாளர்.

"என்ன சார், மாடியில கொரியாக்காரங்களை வெச்சிருக்கீங்க போல? ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே!"

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இங்கே மளிகைக் கடையில்கூடக் கொரிய எழுத்தில் பலகை தொங்கும். அந்த மாதிரி முகத்தைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குக் கொரியாதான் தோன்றும். கொரியாக்காரர் என்றால் மேனேஜர், கார், மரியாதை. வேறு எங்கிருந்தோ வந்தவர்கள் என்றால் கதை வேறு. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் மூலை வீட்டில் குடியிருந்த நான்கு வடநாட்டு இளைஞர்களைச் சங்கத்தார் கூட்டமாகப் போய்க் காலி செய்யவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கடைசியில் நின்றிருந்தேன்.

"கொரியாவா?" என்று அந்த அம்மா கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லியிருப்பேன். இப்படித்தான் பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்.

"இப்பதான் வந்தாங்க மேடம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

தெரு அவளைக் கொண்டாடியது. இஸ்திரிக்காரர் அவள் துணியை முதலில் எடுப்பார். எதிர்வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் வரும். ஆரம்பத்தில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். ஓட்டலிலும் அதே கதைதானாம். சனி, ஞாயிறுகளில் நெஞ்சுக்கு மேலே ரிப்பன் வைத்துக் கட்டிய நீளப் பாவாடையைக் கொடுத்து வாசலில் நிற்கவைப்பார்கள். குடும்பத்தோடு வருகிற நம் ஆட்கள் குழந்தையை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். "உண்மையான கொரியாக்காரங்க வந்தா மட்டும் என்னைப் பார்த்து ஹிந்தில பேசுவாங்க" என்றாள்.

தமிழ் அவளுக்குச் சீக்கிரம் வந்தது. ஓட்டலில் பாத்திரம் கழுவும் அக்கா ஒருவர்தான் குரு. அதனால் அந்த அக்காவின் தமிழே அவளுக்கும்.

"ஆன்ட்டி, மேல தண்ணி வர்ல. டேங்க்ல கீதா, இல்லியா?"

எதிர்வீட்டு அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "கடல் தாண்டி வந்து என்னமா தமிழ் பேசுது பாருங்க சார்! இங்கயே பொறந்ததுங்க வாயில இங்கிலீஷ்தான் வருது."

எனக்கு அந்தத் தமிழைக் கேட்கும்போதெல்லாம் முதுகில் யாரோ கை வைத்ததுபோல இருக்கும். அது என் அம்மா பேசிய தமிழ். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம். ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. நான் காலனி. அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். படித்து, பாலிடெக்னிக் முடித்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு 'கீது'வையும் 'இன்னா'வையும் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். வீட்டிலும் யாரும் அப்படிப் பேசக்கூடாது.

ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்குப் பயிற்சிப் பிரிவில் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் முதல் வேலை, ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். பயந்துகொண்டு வரும் பிள்ளைகளுக்குக் கூச்சம் போகட்டும் என்று முதலில் நானே என்னைச் சொல்லிக் காட்டுவேன். "சொந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். அப்பா ரைஸ் மில்லுல இருந்தார். இந்த கம்பெனியில இருபத்திரண்டு வருஷம்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் 'இருந்தார்' என்பதை நான் சொல்கிற தோரணையில், கேட்கிறவர்கள் அப்பாவைக் கல்லாவில் உட்காரவைத்துவிடுவார்கள். சில பேர் நிலபுலன் எவ்வளவு என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொள்வேன். திருத்தியதில்லை.

என் மகள் வினோதினியிடமும் அதே வாக்கியம்தான். கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கியபோதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. தாலுகா அலுவலக வாசலில் நின்று படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். வழியில் இரண்டு பேரும் கரும்புச்சாறு குடித்தோம்.

மூன்றிலிருந்து ஐந்தரை வரை மாடிப்படியில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டலுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டே இருப்பாள் அவள், என் மகளும் சேர்ந்து உரிப்பாள். எனக்கு முதல் ஷிப்ட் வகுப்பு இருக்கும் நாட்களில் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். கீழே ஜன்னலோரம் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்தால் எல்லாம் கேட்கும். ஒட்டுக்கேட்டேன் என்றே சொல்லலாம். பெண் பிள்ளையைப் பெற்றவனுக்கு அதெல்லாம் கடமை என்று ஒரு நினைப்பு.

அப்படிக் கேட்டதில் ஒரு கதை இஞ்சிக் கூடைக் கதை. அவள் சமவெளியில் ஒரு டவுனில் விடுதியில் தங்கிப் படித்திருக்கிறாள். மலையிலிருந்து அம்மா ஒருநாள் வந்தார். நெற்றியில் வாரைப் போட்டு, முதுகில் இஞ்சிக் கூடை. முதல் தடவை சொன்னபோது தோழிகள் அந்தக் கூடையைப் பார்த்துச் சிரித்தார்கள், அம்மா இஞ்சியை விற்றுவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். என் மகளும் சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து அதே கதை. "தப்பு வினோ. திருப்பிச் சொல்றேன். அவங்க யாருன்னு ஃப்ரெண்ட்ஸ் என்னைக் கேட்டாங்க. நான் பதில் சொல்லல."

இன்னும் சில வாரம் போயிற்று. பூண்டுத் தோல் காற்றில் பறந்து எங்கள் ஜன்னலுக்குள் வந்துகொண்டிருந்தது.

"நான் பதில் சொன்னேன் வினோ. 'இஞ்சி விக்கிற பொம்பளை'ன்னு சொன்னேன். அஸ்ஸாமிஸ்ல சொன்னேன், அம்மாவுக்குப் புரியாதுன்னு நெனச்சேன்."

"புரிஞ்சுதாக்கா?"

"இஞ்சி விக்கறவங்களுக்கு அந்த பாஷை தெரியாம எப்படி விப்பாங்க?"

அவள் இன்னொரு பூண்டை எடுத்து உடைத்தாள். பிறகு அவள் சொன்னாள். "இத்தினி நாள் இந்தக் கதையில ஃப்ரெண்ட்ஸ்தான் கெட்டவங்களா இருந்தாங்க. இப்பதான் சரியா வருது. நான் கார்பின்னு இப்ப சொல்றேன்ல, அது இந்தக் கதை சரியானதுக்கு அப்புறம்தான் சொல்ல வருது."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்று சாயங்காலம் மகளிடம், "அந்தப் பொண்ணுகூட அதிகமா ஒக்காராத. உன் தமிழே மாறிப்போச்சு" என்று சொன்னதாக ஞாபகம்.

பொங்கல் விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கம் தெருவை அடைத்துப் பந்தல் போட்டது. கோலப்போட்டி, உறியடி எல்லாம் முடிந்து, செயலாளர் அம்மா மைக்கில், "நம் தெருவில் வசிக்கும் கொரியா நாட்டுச் சகோதரியை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். சால்வை போட்டார்கள். கொரிய மொழியில் வாழ்த்துச் சொல்லுங்கள் என்று கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் அப்போது பந்தலின் பின்பக்கம் பொங்கல் விநியோகத்தில் இருந்தேன். கரண்டியும் கையுமாக. மேடையில் நடந்ததைச் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் படிக்கட்டில் அந்தக் கதையை அவள் சொன்னபோது என் மனைவிகூட மாடிப்படி ஏறிப்போய் உட்கார்ந்து கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கொரிய மொழியில் தெரிந்தது நாலே வாக்கியம். வாங்க, உட்காருங்க, காரம் போடலாமா, மறுபடி வாங்க. நாலையும் வரிசையாகச் சொல்லிக் குனிந்து வணங்கியிருக்கிறாள். தெருவே கைதட்டியது.

"பொங்கலுக்கு வாழ்த்து சொல்லச் சொன்னா, காரம் போடலாமான்னு கேட்டிருக்க!" என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பங்குனியில் மறுபடி அதே கதை கேட்டது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "தப்பு வினோ. மைக்கை வாங்கின உடனே நான் அந்த நாலு வார்த்தையைச் சொல்லல. மொதல்ல 'கார்டோம்'னு சொல்லலாம்னு நெனச்சேன். அது எங்க வணக்கம். வாய் வரைக்கும் வந்துச்சு. கூட்டத்துல அங்கிளைத் தேடினேன். அவரு ஒரு தலை ஆட்டினா போதும், சொல்லிடலாம்னு."

"அப்பா இன்னா பண்ணாரு?"

"அதான் தெரியல. அவரு இருந்த பக்கம் வெயிலு. என்னைப் பார்த்தாரா, பாக்கலியா? பாக்கலன்னா கதை ஒண்ணு. பார்த்தாருன்னா வேற கதை. அது தெரியாம முடிக்க முடியல."

"கேட்டுடுக்கா."

"கேக்கக் கூடாது. அவரா சொல்லணும்."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். மூன்று எட்டு வைத்தால் படிக்கட்டு. போகவில்லை.

ஆடி முடிந்து என் மகள் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் நிறுவனத்தின் இன்னொரு பிளான்ட்டில் பயிற்சிப் பொறியாளர். இரண்டு பிளான்ட்டுக்கும் முதல்நாள் வகுப்பு ஒரே அரங்கில்தான், அதை நடத்துவதும் நான்தான். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் உற்பத்தி மேலாளர். பதினைந்து வருஷமாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். வழக்கம்போல நான் என்னைச் சொல்லிக் காட்டினேன். வாலாஜாபாத், ரைஸ் மில், இருபத்திரண்டு வருஷம். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெயர், ஊர், கிரிக்கெட் பிடிக்கும். என் மகளின் முறை வந்தது.

"என் பேர் வினோதினி. மெக்கானிக்கல். சொந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். தாத்தா ரைஸ் மில்லுல இருந்தார்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவள் வலது கை மெல்ல முகத்துக்கு முன்னால் எழுந்தது. ஆவியைத் துடைப்பதுபோல் இரண்டு தடவை அசைந்தது.

"தப்பு. திருப்பிச் சொல்றேன். தாத்தா மில்லுல மூட்டை தூக்கினார். எங்க வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், காலனியில. அத்தை இன்னும் அங்கதான் இருக்காங்க. நான் ரெண்டு தடவைதான் போயிருக்கேன். யாரும் கூட்டிட்டுப் போகலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நானும் கேக்கல."

உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பையன் எழுந்து தன் பெயரைச் சொன்னான், ஆரணி என்றான். அரங்கில் வேறு ஒன்றும் நடக்கவில்லை. தேநீர் இடைவேளையில் உற்பத்தி மேலாளர் மட்டும் என் தோளைத் தட்டினார். "உங்க பொண்ணா சார்? நல்லா தைரியமா பேசுது. இதுல என்ன சார் இருக்கு, இப்பல்லாம் யாரு பாக்கறா?" பதினைந்து வருஷத்தில் அவர் என் தோளைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

மதியம் அரைநாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்தேன். நாலு மணி இருக்கும். அவள் படிக்கட்டில் தனியாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

காலி செய்துகொண்டு போய்விட்டாள் என்று ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன். தப்பு. திருப்பிச் சொல்கிறேன்.

"ரூம் வேணும்மா" என்றேன். "சொந்தக்காரங்க வர்றாங்க."

"எந்த சொந்தக்காரங்க அங்கிள்?"

"ஊர்லேருந்து."

"வினோ அத்தையா?" அவள் முகம் நிஜமாகவே மலர்ந்தது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கத்தினேன். என் பெண்ணைக் கெடுத்தது நீதான் என்றேன். உன் கதையெல்லாம் உன் ஊரோடு வைத்துக்கொள் என்றேன். அதோடும் நிறுத்தவில்லை.

"இந்தத் தெருவுல உனக்கு மரியாதை கெடைச்சதே என்னாலதான். கொரியாக்காரின்னு வெச்சிருந்தோம். நீ யாருன்னு தெரிஞ்சிருந்தா ஒரு வாரம் இருந்திருப்பியா?"

மடியிலிருந்த பூண்டை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். உரிக்காததைத் தனியாக வைத்தாள்.

"எத்தினி நாள்ல காலி பண்ணணும் அங்கிள்?"

நான்கு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் கிளம்பினாள். குன்றத்தூரில் மலையடிவாரத்தில் ஓர் அறை கிடைத்திருந்தது. அவள் மூட்டைகளில் பாதியை என் மகள் தூக்கிக்கொண்டாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். தன் பையையும் கொண்டுவந்து வைத்தாள்.

"எங்கடி?"

"அக்கா ரூம்ல எனக்கும் எடம் கீதுப்பா" என்றாள். வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினாள். என் அம்மா பேசியதுபோலவே இருந்தது.

ஆட்டோ போனதும் எதிர்வீட்டு அம்மா வந்தார். "என்ன சார், கொரியா பொண்ணு ஊருக்கே போயிடுச்சா? பாவம், கம்பெனியில திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்களா?"

தலையாட்டினேன். பொங்கல் பந்தலில் ஆட்டாத தலையை அன்று ஆட்டினேன்.

புரட்டாசியில் ஒருநாள் காலை குன்றத்தூர் போனேன். மகள் ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் மட்டும் இருந்தாள். ஓட்டல் வேனுக்கு இன்னும் அரைமணி இருந்தது. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு, இரண்டும் வெளியே பார்த்து வரிசையாக. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இஞ்சி டீ கொடுத்தாள். ஊரிலிருந்து அம்மா பார்சலில் அனுப்பிய இஞ்சியாம். தொண்டையில் எரிந்தது.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேம்மா. மனசுல வெச்சுக்காத."

அவள் கை எழுந்தது. "தப்பு அங்கிள். திருப்பிச் சொல்லுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நாற்பது பேருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறவன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"பயத்துல சொல்லிட்டேன்" என்றேன். "வினோ அப்படிப் பேசினதும் ஆபீஸ்ல என்ன நெனைப்பாங்க, தெருவுல என்ன சொல்லுவாங்கன்னு பயம் வந்துச்சு. என் பயத்தை உன்மேல காட்டிட்டேன்."

யோசித்தாள். "இப்ப கொஞ்சம் சரியா கீது. ஆனா இதுல நீங்க கீறீங்க, வினோ கீறா, தெரு கீது. நான் இல்லியே அங்கிள்."

கீழே வேன் ஹாரன் அடித்தது. எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டாள்.

"பொங்கல்லேருந்து ஆரம்பிங்க. அடுத்த வாரம் வாங்க, கேக்கறேன்."

அடுத்த வாரம் ஆடிட் என்று ஒரு சாக்கு. அதற்கடுத்த வாரம் மழை. தீபாவளி நெருங்கும்போது போனேன். கதவைத் திறந்தது என் மகள். வாசலில் ஒரு ஜோடி செருப்புதான் இருந்தது.

"அக்கா ஊருக்குப் போயிட்டாப்பா. இஞ்சி தோண்டற காலம். அவ அம்மாவால தனியா முடியல."

"எப்ப வருவா?"

"வருவேன்னு சொல்லல."

அந்த வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஃபோனில் அவளைக் கூப்பிட்டுப் பேசினாள். தள்ளிப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஃபோன்ல வேணாமாம்பா. நீங்க பாதியில வேற பேச்சுக்குப் போயிடுவீங்களாம். எழுதித் தரச் சொன்னா. நான் அவளுக்குப் படிச்சுக் காட்டணும். அவ பேரு போடக் கூடாதாம். அவ கதையை அவளே அவ பேரோட சொல்லிக்குவாளாம். நீங்க உங்க பங்கை மட்டும் சொன்னா போதும்னா."

அதனால்தான் இதில் அவள் பெயர் இல்லை. இஞ்சிக் கூடைக் கதையை எழுதுவதற்கும் மகள் மூலம் கேட்டுக்கொண்டேன். "அது ஓகே, அதான் இப்ப சரியா கீதே" என்றாளாம்.

என் பங்கு பொங்கல் நாள். குன்றத்தூரில் இரண்டு தடவையும் தப்பாகத்தான் வந்தது. மேலே எழுதியதிலும் தப்பு இருக்கிறது. பின்பக்கம் இருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

திருப்பிச் சொல்கிறேன்.

பொங்கல் அண்டாவில் தீர்ந்துபோயிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலின் முன்பக்கம் வந்து, வேப்பமரத்தோரம் வெயிலில் நின்றிருந்தேன். உனக்குத்தான் என் பக்கம் வெயில். எனக்கு உன் முகம் நன்றாகத் தெரிந்தது. மைக்கை வாங்கினாய். சால்வை நழுவ, இடது கையால் பிடித்துக்கொண்டாய். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்து என்னிடம் நின்றாய். உன் வாய் ஏதோ சொல்லத் திறந்திருந்தது. என்ன கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தில் செயலாளர் அம்மாவின் கணவர் நின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்ட ஒரு நொடி போதும்.

நீ பேசுவதற்கு முன்பே நான் கைதட்ட ஆரம்பித்தேன். எல்லோருக்கும் முதலில் தட்டியது நான்தான். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தட்டினார்கள். அதற்கப்புறம்தான் நீ அந்த நாலு வார்த்தையைச் சொன்னாய்.

பார்த்தேனம்மா. நான் உன்னைப் பார்த்தேன்.